முகவரியும் எல்லையும்: இணைய முகவரிப் பட்டியல்களை வடித்தெடுக்கும் முறையின் வரலாறு

தோற்றுவாய்

பட்டியல் எழுதுதல் எளிது. எழுதிய பட்டியலினின்றும் வேண்டுவனவற்றைப் பிழையின்றித் தெரிந்தெடுத்தல் அரிது. போர்த்துக்கேயர் காலத்தும் ஒல்லாந்தர் காலத்தும் நம் நாட்டில் எழுதப்பெற்ற தோம்புகளைப் பற்றிக் கற்றோர் இவ்வுண்மையை நன்கறிவர். காணியின் பெயர் தெரிந்தால் மட்டும் போதாது. அஃது எவ்வூரின் எல்லையுள் அடங்குவது என்பதும், அவ்வெல்லை எக்காலத்து எவ்வாறு வகுக்கப்பட்டது என்பதும் தெரிதல் வேண்டும். எல்லை மாறிய வரலாற்றை அறியாதவன் தோம்பைப் படித்தும் பயன் பெறான்.

இக்காலத்துக் கணினி வலையமைப்புகளுக்கும் இத்தகையதொரு தோம்பு உண்டு. இணையத்தோடு தொடர்புறும் ஒவ்வொரு பொறியும் ஐ.பி. முகவரி எனப்படும் எண்ணொன்றினாற் குறிக்கப்படுகின்றது. பல நூறு கணினிகளை ஆளுவோர், அவற்றின் முகவரிகளைப் பட்டியலாக்கித் தன்னியக்கச் செய்நிரலொன்றிடம் ஒப்புவித்து, “இவற்றுள் இன்ன வலையமைப்பைச் சார்ந்தனவற்றை மட்டும் வடித்தெடுப்பாயாக” எனப் பணிப்பர். அவ்வாறு வடித்தெடுத்த பட்டியலைக்கொண்டு அச்செய்நிரல் சிலர்க்கு வாயிலைத் திறக்கும், சிலர்க்கு அடைக்கும், சில கணினிகளின் அமைப்பை மாற்றும், சிலவற்றைத் தொடாது விடும். இவையனைத்தும் மனிதன் கண்காணாமலே கணப்பொழுதில் நிகழ்வன. ஆதலின், வடித்தலில் நேரும் பிழை ஏட்டளவில் நில்லாது. உரியவன் புறத்தே நிற்க உரிமையற்றவன் அகத்தே புகுதற்கு அது வழியாகும்.

இவ்வடித்தன் முறை எவ்வாறு தோன்றி வளர்ந்தது என ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாம். இன்று நிகழும் பிழைகளுட் பல, வெறும் கவனக்குறைவினால் விளைவன அல்ல; எல்லைகள் மாறிய பின்னும், மாறுதற்கு முந்திய காலத்து வழக்கத்தை நாம் கைவிடாமையால் விளைவன என்பது எமது துணிபு. அதனை நிறுவுதற்கு வரலாற்றை முதலிலிருந்து நோக்குவாம்.

கையாற் பேணிய பட்டியல்

இணையத்தின் முன்னோடியாகிய ஆர்ப்பாநெற் என்னும் வலையமைப்பு அமெரிக்காவில் 1969 ஆம் ஆண்டிற் செயற்படத் தொடங்கியது. அதிற் சேர்ந்த கணினிகள் தொடக்கத்திற் சிலவே. அவற்றின் பெயர்களையும் முகவரிகளையும் கொண்ட ஒரே கோப்பு, கலிபோர்ணியாவிலுள்ள எஸ்.ஆர்.ஐ. என்னும் ஆராய்ச்சி நிறுவனத்தின் வலையமைப்புத் தகவல் நிலையத்திற் பேணப்பட்டது. எலிசபெத் பைன்லர் என்னும் அம்மையார் அந்நிலையத்தைத் தலைமை தாங்கி நடத்தினார். புதிய கணினியைச் சேர்க்க விரும்புவோர் அந்நிலையத்திற்கு அறிவிப்பர். நிலையத்தார் அதனைப் பட்டியலிற் பதிவர். ஏனையோர் அப்பட்டியலைப் படியெடுத்துத் தத்தம் கணினியில் வைத்துக்கொள்வர். எண்களைப் பங்கிட்டு வழங்கும் பொறுப்பினை யோன் போஸ்ரல் என்பார் பல ஆண்டுகள் தம் மேற்கொண்டு, 1998 ஆம் ஆண்டு தாம் மறையுங்காறும் அதனோடு தொடர்புற்றிருந்தார்.

இக்காலத்தே பட்டியலை வடித்தல் என்பதொரு சிக்கலாகத் தோன்றவில்லை. பட்டியல் சிறிது, பார்ப்பவர் மனிதர். எந்த எண் எவருடையது என்பதனை அறிந்தவர் ஒருவரையொருவர் அறிந்தவராகவே இருந்தனர். கணினிகள் பெருகியபோது இந்நிலை நீடிக்கவில்லை. 1983 ஆம் ஆண்டு தை முதலாந் திகதி ஆர்ப்பாநெற் புதிய இணைய நெறிமுறைக்கு மாறியது. அவ்வாண்டிலேயே போல் மொக்கபெற்றிஸ் என்பார் களப்பெயர் முறைமையை வகுத்து வெளியிட்டார். பெயர்கள் பலவிடத்தும் பகிர்ந்து பேணப்படலாயின. ஒரே பட்டியலின் ஆட்சி அதனோடு தளரத் தொடங்கிற்று.

மூவகை வகுப்பு

புதிய நெறிமுறையில் முகவரியென்பது 32 துவித இலக்கங்களாலாய எண். ஆகவே ஆகக்கூடியது 4,294,967,296 முகவரிகளே உளவாதல் கூடும். மனிதர் படித்தற்கெளிதாக அவ்வெண்ணை எட்டெட்டு இலக்கங்களாக நான்கு கூறிட்டு, ஒவ்வொரு கூற்றையும் தசம எண்ணாக்கி, இடையே புள்ளியிட்டு எழுதுதல் மரபாயிற்று. 192.0.2.25 என்பது அவ்வாறெழுதிய முகவரிக்கு எடுத்துக்காட்டு. புள்ளிகள் நம் கண்ணுக்காக இடப்பட்டன என்பதையும், கணினிக்கு அவை இல்லை என்பதையும் வாசகர் உளங்கொள்ளல் வேண்டும். பின்னர் வரும் வாதம் முழுவதும் இதன் மேலே நிற்பது.

ஒவ்வொரு முகவரியும் இரு பகுதிகளையுடையது. முற்பகுதி வலையமைப்பைக் குறிக்கும். பிற்பகுதி அதனுள் இருக்கும் கணினியைக் குறிக்கும். ஊர்ப்பெயரும் வளவின் பெயரும் சேர்ந்து ஒருவர் இருப்பிடத்தைக் காட்டுதல் போல்வது இது. இவ்விரு பகுதிகளும் எவ்விடத்திற் பிரியும் என்பதே வினா. 1981 ஆம் ஆண்டு புரட்டாதியில் வெளியான இணைய நெறிமுறை ஆவணம் இதற்கு விடையாக மூவகை வகுப்புகளை விதித்தது. ஏ வகுப்பில் முதற் கூறு மட்டும் வலையமைப்பிற்குரியது. அத்தகைய வலையமைப்பு ஒவ்வொன்றும் 16,777,216 முகவரிகளைக் கொள்ளும். பி வகுப்பில் முதலிரு கூறுகள் வலையமைப்பிற்குரியன. ஒவ்வொன்றும் 65,536 முகவரிகளைக் கொள்ளும். சி வகுப்பில் முதன்மூன்று கூறுகள் வலையமைப்பிற்குரியன. ஒவ்வொன்றும் 256 முகவரிகளையே கொள்ளும். முகவரியின் முதல் எண்ணை நோக்கிய அளவிலே அஃது எவ்வகுப்பினது என்பது புலனாகும்.

இவ்விதியிற் பெரியதோர் எளிமை உண்டு. மூவகுப்பிலும் எல்லை புள்ளியின் மீதே விழுந்தது. ஆகவே, ஒரு முகவரி ஒரு வலையமைப்பைச் சார்ந்ததா என்பதனை அறிய எண்கணிதம் வேண்டியதில்லை. எழுத்தை எழுத்தோடு ஒப்பிட்டாற் போதும். நெதர்லாந்து நாட்டின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திற் பணிபுரிந்த வீற்சே வெனெமா என்பார், கணினிகளுட் களவாகப் புகுவாரைக் கண்காணிக்கும் பொருட்டு 1990 ஆம் ஆண்டிற் செய்நிரலொன்றை ஆக்கினார். எவரை உள்ளே விடுவது, எவரைத் தடுப்பது என்பதனைப் பட்டியலாக எழுதிவைக்க அது வழி செய்தது. அதிற் புள்ளியோடு முடியும் ஒரு தொடரை எழுதினால், அத்தொடராற் றொடங்கும் முகவரியனைத்தும் அதனுள் அடங்கும். அதன் கையேடு “131.155.” என்னுந் தொடரையே எடுத்துக்காட்டாகக் கூறும், அவ்வொரு தொடர் அப்பல்கலைக்கழகத்தின் கணினிகள் ஏறக்குறைய அனைத்தையும் குறிக்கும். 131 இல் தொடங்குவது பி வகுப்பாதலின் இருகூறு எழுதுதல் முற்றும் பொருத்தமே. மறைப்பெண்ணொன்றைக் கொடுத்து நுட்பமாக வடித்தற்கும் அச்செய்நிரல் வழி வைத்திருந்தது. ஆயினும் மக்கள் மனத்திற் பதிந்தது எளிய வழியே.

எல்லை பெயர்ந்த கதை

வகுப்பு முறையின் எளிமைக்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. ஆயிரம் கணினிகளையுடைய ஒரு கல்வி நிலையத்தை எண்ணிப் பார்ப்போம். சி வகுப்பின் 256 முகவரிகள் அதற்குப் போதா. பி வகுப்பைப் பெறின் 64,000 க்கும் மேற்பட்ட முகவரிகள் வறிதே கிடக்கும். நடுவே வேறு அளவில்லாமையால் பலரும் பி வகுப்பையே வேண்டினர். அது விரைந்து குறையலாயிற்று. சி வகுப்புகள் பலவற்றை ஒருவருக்கே வழங்கினாலோ, அவை ஒவ்வொன்றிற்கும் தனித்தனி வழியைக் குறித்துக்கொள்ள வேண்டிய வழிப்படுத்திகளின் நினைவகம் நிரம்பி வழியலாயிற்று.

இக்குறையைப் போக்க இரு படிகளில் முயற்சி நிகழ்ந்தது. 1985 ஆம் ஆண்டு ஆவணியில் மோகுல், போஸ்ரல் என்னும் இருவர் வெளியிட்ட ஆவணம், ஒரு வலையமைப்பை அதன் உரிமையாளர் தம்முள்ளே சிறு பிரிவுகளாக வகுத்துக்கொள்ளும் முறையை நெறிப்படுத்தியது. எல்லையைக் காட்டுதற்கு மறைப்பெண் பயன்பட்டது. 1993 ஆம் ஆண்டு புரட்டாதியில் வெளியான ஆவணங்களோ வகுப்பு முறையையே நீக்கின. இனி எல்லை 32 இலக்கங்களுள் எவ்விடத்தும் விழலாம். அது விழுமிடத்தைச் சாய்கோட்டின் பின் ஓரெண்ணாக எழுதவேண்டும் என்பதாயிற்று. “/22” என எழுதினால் முதல் 22 இலக்கங்கள் வலையமைப்பிற்குரியன. எஞ்சிய 10 இலக்கங்கள் 1,024 முகவரிகளைத் தரும். நாம் மேலே கூறிய கல்வி நிலையத்திற்கு இஃது அளவாகப் பொருந்துதல் காண்க.

இச்சீர்திருத்தமே இணையம் உலகெங்கும் பரவுதற்கு இடமளித்தது எனல் மிகையாகாது. எனினும் அதனால் ஒரு மாற்றம் நேர்ந்தது. அதனைப் பலர் மனங்கொண்டிலர். எல்லை புள்ளியை விட்டுப் பெயர்ந்தது. பெயரவே, எழுத்தொப்பினால் வலையமைப்பை அறியும் பழைய வழி தன் அடிப்படையை இழந்தது.

எழுத்தொப்பும் எண்ணொப்பும்

இதனைச் சில எடுத்துக்காட்டுகளால் விளக்குவாம். 1996 ஆம் ஆண்டு மாசியில் வெளியான ஆவணம் தனியார் வலையமைப்புகளின் உட்பயனுக்கென மூன்று பகுதிகளை ஒதுக்கிற்று. அவை 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16 என்பன. அலுவலகங்களிலும் பாடசாலைகளிலும் வீடுகளிலும் நாம் இன்று காணும் முகவரிகள் பெரும்பாலும் இவற்றுள் அடங்குவனவே.

ஒருவர் 10.1.0.0/16 என்னும் வலையமைப்பிலுள்ள கணினிகளை மட்டும் பட்டியலினின்றும் வடிக்க விரும்பி, “10.1” என்று தொடங்குவன யாவை எனச் செய்நிரலை வினவுகின்றார் என்க. அது 10.1 ஐ மட்டுமன்றி, 10.10 முதல் 10.19 வரையுள்ள பத்தையும், 10.100 முதல் 10.199 வரையுள்ள நூற்றையும் சேர்த்துத் தரும். வேண்டியது ஒன்று, வந்தது 111. “மட்டு” எனத் தொடங்கும் ஊர்க்குரிய கடிதங்களையெல்லாம் ஒரே பையிலிட்ட அஞ்சற்காரன், தென்மராட்சி மட்டுவிலுக்குரியதனைக் கிழக்கே மட்டுநகருக்கு அனுப்பியது போலாம் இது.

“10.1.” என இறுதியிற் புள்ளியிட்டால் இவ்விடர் நீங்கும் என்பர். நீங்கும், ஆனால் எல்லை புள்ளியில் விழும்போது மட்டுமே நீங்கும். 172.16.0.0/12 என்பதனை எடுத்துக்கொள்வோம். இதன் எல்லை இரண்டாங் கூற்றின் நடுவே விழுகின்றது. 172.16 முதல் 172.31 வரையுள்ள பதினாறு பிரிவுகளும், ஆக 1,048,576 முகவரிகள், இதனுள் அடங்கும். “172.16.” என்னும் எழுத்தொப்போ பதினைந்தைப் புறத்தே விட்டு ஒன்றையே கொள்ளும். முன்னையது மிகை, பின்னையது குறை. இரண்டும் பிழையே.

சரியான வழி எண்ணொப்பு. முகவரியைத் துவித எண்ணாக்கி, மறைப்பெண்ணோடு இலக்கத்துக்கு இலக்கம் பொருத்தி, இரண்டிலும் 1 உள்ளவிடத்து 1 எனவும் ஏனையவிடத்து 0 எனவும் கொள்ளல் வேண்டும். எஞ்சுவது வலையமைப்பின் எண்ணாயின் முகவரி அதனுட்பட்டது. 172.20.5.9 என்பதன் இரண்டாங் கூறு 20, துவிதத்தில் 00010100. /12 க்குரிய மறைப்பெண்ணின் இரண்டாங் கூறு 240, துவிதத்தில் 11110000. இரண்டையும் பொருத்த 00010000, அஃதாவது 16, எஞ்சும். ஆகவே அம்முகவரி 172.16.0.0/12 இனுள் அடங்கும். 172.32.5.9 என்பதனை இவ்வாறு சோதித்தால் 32 எஞ்சுமாதலின் அது புறத்ததாம். இக்கணக்கு ஐந்தாம் வகுப்பு மாணாக்கனும் ஒருநாளிற் பயிலத்தக்கது. ஆயினும் அனுபவமிக்க பொறியியலாளரும் அவசரத்தில் எழுத்தொப்பையே நாடுதல் கண்கூடு.

தன்னியக்கக் காலம்

இக்கணக்கை ஒவ்வொருவரும் தாமே எழுதாவண்ணம், அதனைச் செய்துதரும் தொகுதிகள் காலப்போக்கில் எழுந்தன. 2012 ஆம் ஆண்டு புரட்டாதியில் வெளியான பைதன் மொழியின் 3.3 ஆம் பதிப்பு, முகவரிகளையும் வலையமைப்புகளையும் எண்களாகவே கையாளும் பகுதியொன்றைத் தன்னுட் கொண்டது. வலையமைப்பின் பெயரென்று 192.0.2.5/24 என்பதனைக் கொடுத்தால், “இஃது எல்லையின் தொடக்கமன்று” என அது மறுத்துவிடும். அம்மறுப்பு எழுதுவோர்க்குத் தொல்லைபோலத் தோன்றினும், பிழையைத் தொடக்கத்திலே தடுக்கும் நல்லாசிரியனின் கண்டிப்பை ஒத்தது.

அவ்வாண்டிலேயே அன்சிபிள் என்னும் தன்னியக்கக் கருவியும் தோன்றிற்று. பல கணினிகளுக்குச் செய்யவேண்டியவற்றை ஒரே ஏட்டில் எழுதிவைத்து நிறைவேற்ற அது உதவும். 2015 ஆம் ஆண்டு வெளியான அதன் 1.9 ஆம் பதிப்பில் முகவரிகளை வடிக்கும் வசதி சேர்க்கப்பட்டது. பட்டியலொன்றைக் கொடுத்து வலையமைப்பின் பெயரைச் சொன்னால், அதனுள் அடங்குவனவற்றை மட்டும் அது தரும். நாற்பது வரிகளில் எழுத வேண்டியதனை ஒரு வரியில் எழுத இது வழிவகுத்தது.

எனினும் இங்கே நுண்ணிய இடரொன்று உளது. பட்டியலில் முகவரியல்லாத தொன்று இருப்பின், இவ்வடி அதனைப் பிழையெனக் கூவி நிறுத்தாது. வாளாது நீக்கிவிட்டு எஞ்சியவற்றைத் தரும். எண் ஒன்றைத் தவறாக எழுதியதனால் ஒரு கணினி பட்டியலினின்றும் விழுந்தால், விழுந்தமை எவர்க்கும் தெரியாது. பாதுகாப்புத் திருத்தம் அக்கணினியை மட்டும் சேராதொழியும். ஆதலின், வடித்தற்கு முன் எத்தனை, வடித்த பின் எத்தனை என எண்ணிப் பார்த்தலும், வடித்த பட்டியல் வெறிதாயின் மேற்செல்லாது நிறுத்துதலும் செய்நிரல் எழுதுவோர் கைக்கொள்ளற்பாலன.

எண்ணொப்பிலும் மயக்கம் நேர்தல் கூடும் என்பதனை 2021 ஆம் ஆண்டு உணர்த்திற்று. எண்ணின் முன்னே பூச்சியம் இட்டால் அதனை எட்டின் அடியில் எழுதிய எண்ணாகக் கொள்ளும் பழைய மரபு பல கணினி முறைமைகளில் உண்டு. அம்மரபின்படி 0177.0.0.1 என்பது 127.0.0.1 ஆகும்; அஃதாவது கணினி தன்னையே குறிக்கும் முகவரி. அவ்வாண்டு பங்குனியில், நெற்மாஸ்க் என்னும் பரவலாய தொகுதியொன்று முதற் பூச்சியத்தைப் பொருட்படுத்தாது அதனை 177.0.0.1 எனப் படித்தமை வெளியாயிற்று. வாயிலிற் காவல் புரிவோன் “இவன் அயலூரான்” எனக் கொண்டு விடுவான். உள்ளே செல்லும் வழியோ வீட்டின் கருவூலத்துக்கே இட்டுச் செல்லும். பைதனும் இக்குறைக்கு விலக்கன்று. 3.8 ஆம் பதிப்பிற் புகுந்த தளர்வினால் முதற் பூச்சியங்களை அது ஏற்கலாயிற்று. அது 2021 இல் வந்த 3.9.5 ஆம் பதிப்பில் நீக்கப்பட்டது. ஒரே எழுத்தை இருவர் இருவேறு விதமாகப் படிப்பதனால் வரும் கேடு, ஏட்டுச்சுவடி பதிப்பித்தோர்க்குப் புதியதன்று.

பங்கீடும் நீதியும்

இதுகாறும் கூறியது வடித்தலின் நுட்பம். வடிக்கப்படும் முகவரிகளின் பின்னே மாந்தர் உளர் என்பதனையும் மறத்தலாகாது. தொடக்கத்திற் சேர்ந்தோர் பெரும்பங்கு பெற்றனர். மசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனம் 18 எனத் தொடங்கும் ஏ வகுப்பு முழுவதையும், அஃதாவது உலகின் எல்லா முகவரிகளிலும் 256 இல் ஒரு பங்கினை, பெற்றிருந்தது. அதன் ஒரு பகுதியை விற்பதாக அது 2017 இல் அறிவித்தது. ஸ்ரான்போட் பல்கலைக்கழகம் தன்னிடமிருந்த அத்தகைய பங்கினை 2000 ஆம் ஆண்டிற் பொதுவுக்கே திருப்பியளித்தமை பாராட்டத்தக்கது. பிற்பட வந்த நாடுகளுக்கு எஞ்சியது சிறிதே. 2011 ஆம் ஆண்டு மாசி 3 ஆந் திகதி உலகப் பொதுக் களஞ்சியம் தன் இறுதிப் பகுதிகளைப் பகிர்ந்தளித்து ஒழிந்தது. நம் நாடும் அடங்கிய ஆசிய பசிபிக் பிரதேசத்தின் பதிவகம் அவ்வாண்டு சித்திரை 15 ஆந் திகதி தன் இறுதிப் பகுதியைத் தொட்டு, இறுகப் பங்கிடத் தொடங்கியது.

முகவரி போதாமையால் பல வீடுகள் ஒரே பொது முகவரியின் பின்னே நிற்க நேர்ந்தது. அதற்கெனவே 2012 ஆம் ஆண்டு சித்திரையில் 100.64.0.0/10 என்னும் பகுதி ஒதுக்கப்பட்டது. இந்நிலையில் ஒரு பொது முகவரியைக் குற்றவாளியெனத் தடைப்பட்டியலிற் சேர்த்தால், அதன் பின்னேயுள்ள குற்றமற்ற பலரும் ஒருங்கே தடையுறுவர். ஒரு முகவரிக்காக /24 முழுவதையும் தடுத்தால் 256 முகவரிகள் தடையுறும். முகவரி நிறைந்த நாட்டினர்க்கு இதனாற் பெருந்துன்பமில்லை. முகவரி குறைந்த நாட்டினரே இதன் சுமையைப் பெரிதும் தாங்குவர். வலையமைப்பு ஒருவர் நிற்கும் இடத்தைக் காட்டுமேயன்றி, அவர் யார் என்பதனைக் காட்டாது. ஊரைக்கொண்டு ஆளைத் தீர்மானித்தல் எவ்வளவு கொடியது என்பதனை நம்மவர் எவரும் சொல்லிக் கேட்க வேண்டியதில்லை.

128 துவித இலக்கங்களையுடைய ஆறாம் பதிப்பு நெறிமுறை 1990 களின் நடுவில் வகுக்கப்பெற்று, 2012 ஆம் ஆண்டு ஆனி 6 ஆந் திகதி உலகளாவிய முறையில் நிலையாகத் தொடக்கிவைக்கப்பட்டது. அதன்கண் முகவரிக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதிலும் ஒரே முகவரியைப் பலவாறு சுருக்கி எழுதலாமாகையால், எழுத்தொப்பினை நம்புவோர் முன்னையினும் மிகுதியாக வழுவுவர்.

முடிவுரை

1993 ஆம் ஆண்டில் எல்லை புள்ளியைவிட்டுப் பெயர்ந்தது. அதன் முன்னர்ப் பொருந்திய வழக்கம் அதன் பின்னரும் தொடர்ந்தமையே பிழைகளுட் பலவற்றுக்குத் தாய் என்பது மேற்கூறியவற்றாற் போதரும். மாணாக்கர் இதிற் கொள்ளத்தக்கன மூன்று. எண்ணை எண்ணாகவே ஒப்பிடுக; எழுத்தாக ஒப்பிடாதொழிக. வடித்தபின் விழுந்தவை எவை என்பதனை எண்ணிப் பார்க்க. தடுப்பதன் முன் அம்முகவரியின் பின்னே நிற்போர் எத்தனை பேர் என்பதனை நினைக்க. முதலிரண்டும் கணிதமும் ஒழுங்கும் பற்றியன. மூன்றாவதைச் செய்நிரல் எதுவும் நமக்காகச் செய்துதரமாட்டாது. அதனை நாமே செய்தல் வேண்டும்.